25 கிலோ எப்படி 48 கிலோ ஆகிறது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். மதுரை திருநகரில் இருக்கிறேன். சென்னையில் மகள் வீட்டோடு போய்விடப் போவதால் என் பொழுதுபோக்குச் சாமான்களை விற்கிறேன். ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்றை 22,000 ரூபாய்க்கு புனேயில் ஒருவர் கேட்டிருக்கிறார். குழாய் 120 செ.மீ. நீளம், 18 செ.மீ. விட்டம், 6 கிலோ. குழாயைத் தாங்கித் திருப்பும் மவுன்ட் 6.5, மடக்கினால் 85 செ.மீ. வரும் டிரைபாட் 6, குழாயின் எடையைச் சமன்படுத்த மறுபக்கம் மாட்டும் இரும்புக் கவுன்டர் வெயிட் 6.5. ஆக மொத்தம் 25 கிலோ. கூரியர் கடையில் கிலோவுக்கு 60 ரூபாய் என்றார்கள். பார்சல் செலவு 1,500 என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் இன்னும் வாங்கவில்லை. இது போக, ஒரு கேமராவும் இரண்டு லென்ஸும் கோயம்புத்தூருக்கும், ஒரு மூன்றடி மீன்தொட்டி திருநெல்வேலிக்கும் போக வேண்டும். பார்சல் செலவை முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது?

பதில்: சார், முதல் வேலையாகப் புனேக்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். "1,500 என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன், பெட்டி அளவு பார்த்துவிட்டு இரண்டு நாளில் சரியான தொகை சொல்கிறேன்" என்று எழுதினால் போதும். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் பேச்சு வேறு. சொன்ன சொல்லுக்கு வித்தியாசத்தை நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். பணம் கை மாறாததால் இப்போது திருத்திக்கொள்வதில் தப்பில்லை.

திருத்தியே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் 25 கிலோ காட்டிய சாமான், நான் போட்ட முதல் கணக்கில் கவுன்டரில் 48 கிலோவாக நிற்கிறது. பில் 4,000 ரூபாயைத் தாண்டுகிறது.

மதுரையில் பார்சல் பேக்கிங்கும் புக்கிங்கும் செய்கிற எனக்கு இந்தச் சண்டை பழகிப்போனது. "வீட்டில் எடை போட்டுத்தானே கொண்டுவந்தேன்" என்று எல்லோரும் கேட்பார்கள். எடை பொய் சொல்வதில்லை. ஆனால் வண்டிக்காரன் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்க்கிறான். ஒரு பொரி மூட்டை லாரியில் எவ்வளவு இடம் அடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எடைக்கு மட்டும் காசு வாங்கினால் பொரி ஏற்றுகிறவனுக்கு டீசல் காசுகூடத் தேறாது. அதனால்தான் கவுன்டரில் 'வால்யூம் வெயிட்' என்று ஒன்றைப் போடுகிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. கணக்கில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது அது. நிஜ எடை, வால்யூம் வெயிட், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

5,000 என்பது விமானத்தில் போகும் கூரியருக்குப் பொதுவான எண். ஸ்பீடு போஸ்ட்டிலும் பெரிய பார்சலுக்கு அதுதான். தரைவழிக் கூரியரில் 4,500, 4,000 என்றும் வைத்திருக்கிறார்கள். வகுக்கும் எண் சின்னதானால் எடை கூடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "கிலோ என்ன ரேட்?" என்று கேட்கும்போதே "வால்யூமுக்கு எதால் வகுப்பீர்கள்?" என்றும் கேட்டுவிடுங்கள். கிலோ ரேட் குறைவாகச் சொல்லும் இடத்தில் இந்த எண்ணில் பிடித்துவிடுவார்கள்.

உங்கள் குழாயை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தடிமனுக்கு ஃபோம் வைத்துப் பெட்டி கட்டினால் 28 × 28 × 130 வரும். பெருக்கினால் 1,01,920. வகுத்தால் 20.4. பின்னம் வந்தால் மேலே ஏற்றிவிடுவார்கள், 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங்கோடு 8 கிலோகூடத் தேறாத குழாய்க்கு 21 கிலோ காசு. டிரைபாடுக்கு 95 × 25 × 25 பெட்டி, வால்யூம் வெயிட் 12. மவுன்டும் கவுன்டர் வெயிட்டும் நேர்மாறு. சின்னப் பெட்டியில் கனமான இரும்பு என்பதால் அங்கே நிஜ எடைதான் செல்லும். பேக்கிங்கோடு 8, 7. ஆக 48.

48 கிலோவுக்கு 60 வீதம் 2,880. கதை அதோடு முடியாது. கவுன்டரில் வாய்ச்சொல்லாகச் சொல்லும் ரேட்டில் பெரும்பாலும் எரிபொருள் சர்சார்ஜ் சேர்ந்திருக்காது. அது கம்பெனிக்குக் கம்பெனி, மாதத்துக்கு மாதம் மாறும். 20 சதவீதம் என்று வைத்தால் 3,456. அதன்மேல் கூரியர் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 4,078 ரூபாயில் வந்து நிற்கிறது. நீங்கள் சொன்னது 1,500.

இதைக் குறைக்க முடியும். பேரம் பேசி இதில் பெரிதாக எதுவும் குறையாது, குறைப்பது பெட்டியில்தான். உங்கள் குழாயின் பக்கவாட்டில் ஃபோகஸரும் (கண் வைத்துப் பார்க்கும் பகுதி) பைண்டரும் (குறி பார்க்கும் சின்னக் குழாய்) நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நான் போட்டது அவற்றைக் கழற்றிய அளவு. கழற்றாமல் அப்படியே கட்டினால் ஒரு பக்கம் எட்டு செ.மீ. கூடி 28 × 36 × 130 ஆகும், எடை 27-க்குப் போய்விடும். நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றச் சோம்பல்பட்டால் வரியோடு சேர்த்து 510 ரூபாய் தண்டம். கழற்றியதைத் துணியில் சுற்றி மவுன்ட் பெட்டியின் இடுக்கில் வைத்துவிடலாம். ஸ்க்ரூக்களை ஒரு சின்னக் கவரில் போட்டு அதன்மேல் பெயர் எழுதுங்கள். புனேயில் பிரிப்பவர் உங்களுக்குப் போன் போடாமல் இருப்பார்.

அடுத்தது ஃபோம் தடிமன். சுற்றிலும் வெறும் 2 செ.மீ. மட்டும் வைத்தால் 22 × 22 × 124, வகுத்தால் 12.003. அந்தப் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்றைக்கூட விடாமல் 13 என்று போடும் இடங்கள் உண்டு, அது வேறு விஷயம். ஆனாலும் 21 எங்கே, 13 எங்கே! ஆசையாக இருக்கும். செய்யாதீர்கள். உள்ளே கண்ணாடி இருக்கிறது. நான் கட்டினால் பக்கவாட்டில் 3 செ.மீ. ஃபோம், அதற்கு வெளியே கெட்டி அட்டை, இரண்டு முனைகளிலும் ஆறு ஆறு செ.மீ. என்று கட்டுவேன். நீளப் பெட்டியை இறக்குகிறவர்கள் படுக்க வைப்பதில்லை, முனையில்தான் 'தொப்'பென்று நிறுத்துவார்கள். அடி விழுவது முனையில் என்பதால் மெத்தையும் அங்கேதான் வேண்டும். இப்படிக் கட்டினால் 24 × 24 × 132, அதாவது 15.2, பில்லில் 16. ஐந்து கிலோ மிச்சம். மொத்தம் 43.

அப்புறம் அந்தக் கவுன்டர் வெயிட். அது வெறும் இரும்பு. பெட்டியோடு 7 கிலோ இரும்பை மதுரையிலிருந்து புனேக்கு அனுப்ப, இதே கணக்கில் 595 ரூபாய் ஆகிறது. புனே பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். வெயிட்டை மாட்டும் கம்பியின் விட்டம் சொன்னால் எந்த லேத்திலும் ஒரு இரும்புத் துண்டில் துளை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஜிம் தட்டை மாட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. "வெயிட் இல்லாமல் எடுத்துக்கொண்டால் விலையில் கொஞ்சம் குறைக்கிறேன், பார்சலிலும் குறையும்" என்று அவரிடமே கேளுங்கள். ஒப்புக்கொண்டால் 36 கிலோ, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,060 ரூபாய். உங்கள் வெயிட்டை இங்கேயே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் மலிவாகுமா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. நீளச் சாமானும் குட்டைச் சாமானும் ஒரே பெட்டியில் இருந்தால் நடுவில் காற்றுக்குத்தான் காசு கட்டுவீர்கள். ஒரு ஆள் தனியாகத் தூக்கக்கூடிய எடையில் பெட்டி இருப்பதுதான் நல்லது. அதற்கு மேல் கனத்தால் தூக்க மாட்டார்கள், உருட்டுவார்கள்.

இனி லாரி பார்சல். சிம்மக்கல், வடக்கு வெளி வீதிப் பக்கம் விசாரித்தால் புனே, மும்பை வழிக்குப் புக்கிங் எடுக்கிறவர்கள் கிடைப்பார்கள். உங்கள் மாதிரிச் சாமானுக்குக் கூரியரைவிட லாரி பெரும்பாலும் மலிவாகவே வரும், நாள்தான் கூடப் பிடிக்கும். ஆனால் அங்கே கிலோ ரேட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். குறைந்தபட்சக் கட்டணம் இருக்கிறதா, ரசீதுக் கட்டணம் தனியா, ஏற்றுகூலி இறக்குகூலி யாருடையது, போய்ச் சேருவது கோடவுனுக்கா வீட்டுக்கா என்று வரிசையாக முளைக்கும். கோடவுன் டெலிவரி என்றால் புனேக்காரர் ஊர்க்கோடிக்கு ஆட்டோ பிடித்துப் போக வேண்டியிருக்கும். அவர் எடுக்கத் தாமதமானால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம் வேறு போடுவார்கள். "எல்லாம் சேர்த்து அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பதிலை ஒரு துண்டுச்சீட்டில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 'டு பே' போட்டால், அதாவது வாங்குகிறவர் அங்கே கட்டுவதென்றால், உங்கள் தலைவலி பாதி குறையும். அவருக்கு முன்பின் தெரியாத உங்களை நம்பிப் பணம் அனுப்புகிறோமே என்ற யோசனையும் குறையும்.

அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள். பெட்டியைக் கட்டி முடித்த பிறகு, அல்லது குறைந்தபட்சம் காலிப் பெட்டியைத் தேடிப் பிடித்து அளந்த பிறகு, "கவுன்டர் வெயிட் இல்லாமல் கூரியரில் 3,100 முதல் 3,500 வரை ஆகும், லாரியில் இவ்வளவு ஆகும், பில் படி வாங்கிக்கொள்கிறேன், மிச்சம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று சொல்லுங்கள். எதில் அனுப்புவது என்று அவரே முடிவு செய்யட்டும். பேக்கிங் செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அவர் காசில் வாங்கும் ஃபோம் என்றால் எவ்வளவு வைப்பது என்பதில் ஒரு இழுபறி வந்துவிடும். நீளமான அட்டைப்பெட்டிக்குச் சைக்கிள் கடையில் கேட்டுப் பாருங்கள். புதுச் சைக்கிள் வந்த பெட்டியை வெட்டி மடித்தால் உங்கள் குழாய்க்குச் சரியாக வரும்.

எடை போட வீட்டில் ஆள் நிற்கும் மெஷின் இருந்தால் போதும். பெட்டியோடு ஏறி நின்று, அப்புறம் பெட்டி இல்லாமல் நின்று கழித்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது விளிம்பில் அளக்காதீர்கள். உள்ளே திணித்துக் கட்டிய பெட்டி நடுவில் வயிறு தள்ளி நிற்கும். பெரிய கம்பெனிகளின் கிடங்கில் பெட்டியை மெஷினில் ஓடவிட்டு மறுபடி அளப்பார்கள், அந்த மெஷின் வயிற்றைத்தான் அளக்கும். ஆன்லைனில் புக் செய்தால் இரண்டு மூன்று நாள் கழித்து 'எடை வித்தியாசம்' என்று கூடுதல் பில் வருவது இப்படித்தான். டேப்பை வைத்தபடி பெட்டியையும், மெஷின் காட்டும் எடையையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் மறுத்துக் கேட்கலாம். போட்டோ இல்லாமல் கேட்டால் பதிலே வராது.

பாதுகாப்பு விஷயத்துக்குக் கொஞ்சம் நிதானமாக வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாமானின் மதிப்பைப் பில்லில் எழுதிவிட்டாலே உடைந்தால் அந்தப் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும், கூரியர், லாரிக்காரர்களின் பொறுப்பைக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. அதற்கு மேல் வேண்டுமென்றால் மதிப்பைச் சொல்லி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் டெலஸ்கோப்புக்கு இது ஓரளவு தாங்கும். 3,000 ரூபாய் கட்டணத்துக்குப் பத்து மடங்கு 30,000. பெட்டி பெட்டியாகத் தனிப் பில் போட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் கணக்கு தனி என்பதால், மூன்று பெட்டியையும் ஒரே பில்லில் போடச் சொல்லுங்கள். கேமராவுக்கு இது தாங்காது. கோயம்புத்தூருக்கு 250 ரூபாய் கட்டணம் என்றால் அதிகபட்சம் 2,500 ரூபாய்தான். ஒரு லென்ஸ் மூடிக்கும் பில்டருக்கும் சரியாகப் போகும். காப்பீடு செய்யாத ஸ்பீடு போஸ்ட்டிலும் கிடைக்கும் இழப்பீடு கேமரா விலைக்குப் பக்கத்தில்கூட வராது. எனவே கேமராவுக்கு மதிப்பைச் சொல்லி இன்சூரன்ஸ் கட்டுங்கள். அதையும் பார்சல் செலவில் ஒரு வரியாகச் சேர்த்தே வாங்குபவரிடம் சொல்லுங்கள். சாலைவழியில் போனது தொலைந்தாலோ உடைந்தாலோ, புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும். போனில் திட்டியதெல்லாம் கணக்கில் சேராது.

லாரி ஆபீஸில் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்சீட்டு) கேட்டால் பதற வேண்டாம். நீங்கள் வியாபாரி இல்லை, ஜி.எஸ்.டி. பதிவும் இல்லை. "இது என் சொந்த உபயோகத்தில் இருந்த பழைய சாமான்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, மதிப்பும் கையெழுத்தும் போட்டு, ஆதார் நகலோடு கொடுத்துவிடுங்கள். உங்கள் தொகைக்கு அதுவே போதும்.

கோயம்புத்தூர் கேமரா கணக்கு எளிது. கேமராவையும் லென்ஸ்களையும் தனித்தனியாகச் சுற்றி 30 × 25 × 20 பெட்டியில் வைத்தால் வால்யூம் வெயிட் 3 கிலோ, நிஜ எடையும் ஏறத்தாழ அதுவேதான் வரும். உள்மாநிலம் என்பதால் ரேட்டும் புனேயைவிடக் குறைவு. பேட்டரியைக் கேமராவிலிருந்து கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, அதே பெட்டியில் வையுங்கள். புக் செய்யும்போது லித்தியம் பேட்டரி உள்ளே இருக்கிறது என்று சொல்லி, தரைவழியிலேயே போடச் சொல்லுங்கள். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிக்குக் கெடுபிடி அதிகம், சொல்லாமல் வைத்தால் ஸ்கேனரில் பிடித்து முழுப் பார்சலையும் நிறுத்திவிடுவார்கள்.

ஆரப்பாளையத்தில் கோவை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வண்டி நம்பரை அனுப்பினால் சிங்காநல்லூரில் போய் வாங்கிக்கொள்வாரே என்று யாராவது யோசனை சொல்வார்கள். டிரைபாடு, பழைய பை மாதிரி சாமானுக்குச் சரி. ரசீது இல்லாமல் கேமராவை அப்படி அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். கண்டக்டர் நல்லவராகவே இருந்தாலும், நடுவில் டீக்கு நிற்கும் இடத்தில் யார் எடுத்தார்கள் என்று யாரைக் கேட்பது?

எப்போது அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கிடங்கெல்லாம் நிரம்பி வழியும், உங்கள் பெட்டிமேல் இன்னும் பத்துப் பெட்டி ஏறும். சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளுக்குள் பார்சல் வண்டியே நுழைய முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேப் பக்கம் மழை, நம் பக்கம் அக்டோபரில் ஆரம்பிக்கும். எந்த மாதமானாலும் பெட்டிக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். வெளியே சுற்றும் பிளாஸ்டிக் கிழிந்துவிடும்.

மீன்தொட்டியை அனுப்பாதீர்கள். மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்கு மரச்சட்டம் அடித்து, சுற்றிலும் தெர்மாகோல் வைத்து, திருநெல்வேலி வரை கொண்டுசேர்க்கும் செலவுக்குள் அங்கேயே புதுத் தொட்டி ஒட்டி வாங்கிவிடலாம். உடைந்த கண்ணாடிக்கு யாரும் இன்சூரன்ஸும் எளிதில் தர மாட்டார்கள். தொட்டியைத் திருநகரிலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது பேசிப் பாருங்கள். பில்டர் நன்றாக இருந்தால் அதை மட்டும் திருநெல்வேலிக்கு விலை பேசுங்கள். 30 × 20 × 15 பெட்டிக்குள் அடங்கிவிடும், வால்யூம் வெயிட் இரண்டு கிலோவைத் தாண்டாது. மோட்டாரை நன்றாகக் காயவைத்துக் கட்டுங்கள்.